மைக்ரேட் ஓடிவிட்டது, டேபிள் எங்கே?

“மைக்ரேட் எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னுதான் வந்துச்சுண்ணா. ஆனா சைட்டைத் திறந்தா டேபிளே இல்லைங்குது.”

டேட்டாபேஸ் மாற்றும் வேலையில் இறங்கும் இளையவர்கள் என்னிடம் அதிகமாகக் கொண்டுவரும் புகார் இது. மடிக்கணினியில் எஸ்க்யூலைட்டை வைத்துக்கொண்டு ஒரு ஜாங்கோ செயலியை எழுதியிருப்பார்கள். ஆட்கள் புழங்கத் தொடங்கியதும் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று அது திணறும். சரி, போஸ்ட்கிரெஸுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுப்பார்கள். செட்டிங்ஸ் ஃபைலில் நான்கைந்து வரிகளை மாற்றி மைக்ரேட் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலான பாடக் குறிப்புகள் சொல்கின்றன. கொடுத்த பிறகு என்னென்ன வரும், எதை எங்கே போய்த் தேடுவது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குப் பழக்கம் ஜாங்கோ என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். லாரவெல், ரெயில்ஸ் ஆட்களுக்கும் பெயர்கள்தான் மாறும், சிக்கல் மாறாது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் மாற்றும்போது வெடிக்கும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை புது டேட்டாபேஸின் குறைகள் அல்ல. நம் கோடிலும் டேட்டாவிலும் ஏற்கெனவே இருந்து, பழைய டேட்டாபேஸ் பொறுத்துக்கொண்டிருந்த கோளாறுகள் அவை. அதனால் பிழைச் செய்தி வந்ததும் அதை மூடி மறைக்க வழி தேடக் கூடாது. அது எந்தப் பழைய பாக்கியைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். இப்படி ஒரு பார்வை வந்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

ஜாங்கோவின் மைக்ரேஷனில் ஒரு விஷயத்தை மனதில் நன்றாக இறக்கிக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸுக்குள் ‘ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்’ என்று ஒரு டேபிள் இருக்கும். எந்த ஆப், எந்த மைக்ரேஷன், எப்போது ஓடியது என்ற விவரம் அதில் பதிவாகும். இன்னும் எவை பாக்கி என்பதை மைக்ரேட் கட்டளை இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. டேபிள் உண்மையிலேயே இருக்கிறதா, அதற்குள் அந்த ஃபீல்டு இருக்கிறதா என்றெல்லாம் போய்ப் பார்ப்பதில்லை. ஷோமைக்ரேஷன்ஸ் கொடுத்தால் சதுர அடைப்புக்குள் வரிசையாக வரும் பெருக்கல் குறிகளும் அந்தப் பதிவேட்டில் இருப்பவைதான். பதிவேடு சொல்வது ஒன்று, நிலவரம் இன்னொன்று என்று ஆகும்போதுதான் மேலே சொன்ன புகார் பிறக்கிறது.

இந்த வசதி ஜாங்கோவோடு பிறந்ததும் அல்ல. ஆண்ட்ரூ காட்வின் எழுதிய ‘சவுத்’ என்ற தனி நிரலைத்தான் நாங்கள் எல்லாரும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினோம். 2013ல் அவர் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டி, மைக்ரேஷனை ஜாங்கோவுக்குள்ளேயே கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். 2014 செப்டம்பரில் வந்த ஜாங்கோ 1.7ல் மைக்ரேஷன் உள்ளேயே வந்து சேர்ந்தது. சவுத்துக்கும் முன்பு புது ஃபீல்டு ஒன்று சேர்க்கக்கூட எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பதிவேடும் நிலவரமும் எப்படியெல்லாம் பிரியும்?

மிகச் சாதாரணமான காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். மைக்ரேட் ஓடியது ஒரு டேட்டாபேஸில், சைட் பார்ப்பது இன்னொன்றை. டெர்மினலில் நாம் கட்டளை கொடுக்கும்போது சூழல் மாறிகள் ஒரு மாதிரி இருக்கும். சிஸ்டம்டி வழியாகக் கிளம்பும் குனிகார்னுக்கு அவை வேறு மாதிரி இருக்கும். மேனேஜ்.பை ஒரு செட்டிங்ஸ் ஃபைலையும் டபிள்யூஎஸ்ஜிஐ இன்னொன்றையும் காட்டிக்கொண்டிருக்கும். இதில் எஸ்க்யூலைட் ஒரு கூடுதல் வம்பு. கொடுத்த இடத்தில் டேட்டாபேஸ் ஃபைல் இல்லையென்றால் அது பிழை காட்டாது, சத்தமில்லாமல் ஒரு காலி ஃபைலை உருவாக்கிக்கொள்ளும். டேட்டாபேஸ் முகவரி எடுபடாமல் போய், செட்டிங்ஸில் மாற்று ஏற்பாடாக வைத்த எஸ்க்யூலைட்டிலேயே மைக்ரேட் முழுக்க ஓடி முடிந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே வேறு எதையும் தோண்டுவதற்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குள்ளிருந்தே அது எந்த டேட்டாபேஸோடு பேசுகிறது என்று கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘செலக்ட் கரண்ட்_டேட்டாபேஸ்’ என்ற ஒரே வரி அதைச் சொல்லிவிடும். கூடவே ஸ்கீமாவையும் பாருங்கள். ஒரே டேட்டாபேஸுக்குள் டேபிள்கள் வேறொரு ஸ்கீமாவில் போய் உட்கார்ந்திருந்தாலும் ‘ரிலேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்றுதான் வரும்.

அடுத்தது, முழு டம்ப்பையும் அப்படியே கொண்டுவந்து கொட்டுவது. பழைய டேட்டாபேஸின் எல்லா டேபிள்களும் வரும்போது ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளும் சேர்ந்து வந்துவிடும். நடுவில் ஏதோ ஒரு டேபிள் மட்டும் ஏறாமல் நின்றிருக்கும். பதிவேடோ எல்லாம் முடிந்தது என்று சொல்லும். அதை நம்பி மைக்ரேட்டும் ‘நோ மைக்ரேஷன்ஸ் டு அப்ளை’ என்று திரும்பிவிடும்.

‘--ஃபேக்’ என்ற தேர்வைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். அது டேபிளைத் தொடாமல் பதிவேட்டில் மட்டும் எழுதிவிடுகிறது. இணையத்தில் பிழைச் செய்தியைத் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான். கொடுத்ததும் சிவப்பு எழுத்துகள் மறைந்துவிடும், மனதுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் இல்லாத டேபிளை இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டோம். அடுத்த மாதம் வேறொருவர் அந்த டேபிளில் ஒரு ஃபீல்டைச் சேர்க்க மைக்ரேஷன் எழுதுவார், அவர் தலையில் போய் இது விழும். ஃபேக்குக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அதைத் தொடாதீர்கள்.

இன்னும் சில காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய டேபிள்களிலிருந்து இன்ஸ்பெக்ட்டிபி மூலம் மாடல் எழுதியிருந்தால் அவற்றில் ‘மேனேஜ்டு = ஃபால்ஸ்’ என்றிருக்கும். அப்படியிருக்கும்வரை மைக்ரேட் அந்த டேபிளை உருவாக்காது, ஓகே மட்டும் சொல்லும். டேட்டாபேஸ் ரவுட்டர் எழுதியிருந்து அதன் அலவ்_மைக்ரேட் ‘இல்லை’ என்று சொன்னாலும் அதே கதைதான். டேபிள் உருவாகாது, பதிவேட்டில் ஏறிவிடும். கிட்டில் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரையே விலக்கிவைத்திருக்கும் ப்ராஜெக்ட்களும் உண்டு. சர்வரில் அந்த ஆப்புக்கு மைக்ரேஷனே இருக்காது. வெறும் மேக்மைக்ரேஷன்ஸ் கொடுத்தால் ‘நோ சேஞ்சஸ் டிடெக்டட்’ என்று வரும். ஆப்பின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால்தான் முதல் மைக்ரேஷன் பிறக்கும். ஆனால் அதைச் சர்வரில் செய்யாதீர்கள். மைக்ரேஷன் ஃபைல்கள் கோடின் ஒரு பகுதி, அவை கிட்டில் இருந்தே ஆக வேண்டும்.

டேபிள் உருவாகும் கட்டத்துக்கே போகாமல் முதல் அடியிலேயே தடுக்கிவிடுவதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதுவரை பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்றிருந்தது, பாதுகாப்பு கருதி அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு எழுதிய குறிப்புகள் எல்லாம் யூசரை உருவாக்கி, டேட்டாபேஸ் மீது ‘கிராண்ட் ஆல்’ கொடுத்தால் போதும் என்று சொல்லும். இப்போது அது போதாது. ‘பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ என்று சொல்லி, ஜாங்கோ தன் பதிவேட்டு டேபிளைக்கூட உருவாக்க முடியாமல் நிற்கும். அந்த யூசரையே டேட்டாபேஸின் உரிமையாளராக ஆக்கிவிடுங்கள், தீர்ந்தது. சிலர் அவசரத்தில் செயலிக்கே சூப்பர்யூசர் உரிமை கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த வகைப் பிழை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கோடே சுத்தமாகிவிடும். காலி டேட்டாபேஸில் மைக்ரேட் கொடுக்கிறீர்கள். டேபிளை உருவாக்கத்தானே அந்தக் கட்டளை? அதுவே ‘டேபிள் இல்லை’ என்று விழுகிறது. எப்படி?

மைக்ரேட் தொடங்கும் முன்னால் ஜாங்கோ சில சோதனைகளைச் செய்யும். அதற்காக யூஆர்எல் ஃபைலைத் திறக்கும், அது வியூக்களை இழுக்கும், வியூக்கள் ஃபார்ம்களை இழுக்கும். அந்த ஃபார்மில் யாரோ ஒருவர், கிளாஸ் உடம்பிலேயே, வகைகளின் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுத்து சாய்ஸஸ் என்று வைத்திருப்பார். ஃபைலைத் திறந்த மாத்திரத்தில் அந்தக் கேள்வி டேட்டாபேஸுக்குப் போய்விடும். பழைய டேட்டாபேஸில் டேபிள் எப்போதோ உருவாகிவிட்டதால் இத்தனை நாள் தெரியவில்லை. காலி டேட்டாபேஸில் முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. இதற்கு வைத்தியம், அந்தப் பட்டியலை மாடல்சாய்ஸ்ஃபீல்டாக மாற்றுவது, அல்லது சாய்ஸஸுக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுப்பது. தேவைப்படும்போது மட்டும் டேட்டாபேஸைக் கேட்கும். சர்வரைத் திரும்பத் தொடங்காமல் புது வகைகள் ஃபார்மில் தெரியவே இல்லை என்று பயனர்கள் முன்பு சொன்ன புகாரும் இதோடு சேர்ந்தே சரியாகும், காரணம் ஒன்றுதான். இந்த இடத்தைக் கண்டுபிடிக்க டிரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஜாங்கோவின் ஃபைல்களைத் தாண்டிக்கொண்டே வந்தால் உங்கள் ஃபைல் ஒன்று நிற்கும். அதுதான் இடம்.

காலி டேட்டாபேஸில் மைக்ரேட் ஓடும்போது நம் செயலியின் முழு வரலாறும் முதல் நாளிலிருந்து திரும்ப நடக்கிறது. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய டேட்டாபேஸில் ஒவ்வொரு மைக்ரேஷனும் அது எழுதப்பட்ட காலத்துக் கோடோடு ஓடியது. இப்போது எல்லாமே இன்றைய கோடோடு ஓடுகின்றன. டேட்டாவைத் திருத்துவதற்காக எழுதிய ரன்பைத்தான் மைக்ரேஷனில் மாடலை நேரடியாக இம்போர்ட் செய்திருந்தால், மூன்றாவது மைக்ரேஷன் ஓடும்போது இருபதாவது மைக்ரேஷனில்தான் வரப்போகும் ஃபீல்டையும் சேர்த்துத் தேடும். ‘காலம் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று விழும். அந்த இடத்தில் ஆப்ஸ்.கெட்_மாடல் மூலம் மாடலை எடுத்தால், அந்தக் கட்டத்து மாடல் கிடைக்கும். ஆவணங்களும் அப்படித்தான் சொல்கின்றன. அவசரத்தில் எழுதிய மைக்ரேஷன்களில் அது விட்டுப்போயிருக்கும்.

ரன்எஸ்க்யூஎல் எழுதியவர்கள் இன்னொரு வகை. மைஎஸ்க்யூஎல்லுக்கே உரிய பின்சாய்ந்த மேற்கோள் குறிகளும், ‘எஞ்சின் = இன்னோடிபி’ என்ற வால்களும் போஸ்ட்கிரெஸுக்குப் புரியாது. ஃபீல்டின் வகையை மாற்றிய பழைய மைக்ரேஷன்களும் சண்டை போடும். முழு எண்ணாக வைத்திருந்த ஃபீல்டைப் பிற்பாடு தேதியாக மாற்றியிருந்தால் மைஎஸ்க்யூஎல் எப்படியோ சமாளித்திருக்கும். போஸ்ட்கிரெஸோ, டேபிளில் ஒரு ரெக்கார்டுகூட இல்லாதபோதும், முழு எண்ணைத் தேதியாக மாற்ற வழியில்லை என்று நின்றுவிடும்.

இந்த இடத்தில் என் தீர்ப்பு தெளிவானது. வரலாறு நீளமாகவும் முடிச்சாகவும் இருந்தால், டேட்டாபேஸ் மாற்றும் நாள்தான் அதைக் கத்தரிக்கச் சரியான நாள். உங்கள் சொந்த ஆப்களின் மைக்ரேஷன்களை மட்டும் ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, இன்றைய மாடல்களிலிருந்து புதிதாக ஒரு 0001 உருவாக்குங்கள். பழைய வரலாற்றை நம்பி வேறு சர்வர் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரன்எஸ்க்யூஎல்லில் கையால் போட்ட இண்டெக்ஸ்கள் மாடலில் இருக்காது, அவற்றை விடாமல் பொறுக்கி எடுத்துப் புது வரலாற்றில் சேர்க்க வேண்டும். நடுவழியில் சொந்த யூசர் மாடலைச் செருகிய ப்ராஜெக்ட்களில் ‘இன்கன்சிஸ்டன்ட் மைக்ரேஷன் ஹிஸ்டரி’ என்று வந்து உயிரை வாங்குமே, அதுவும் காலி டேட்டாபேஸில் புது வரலாற்றோடு தொடங்கும்போது தானாகவே மறைந்துவிடும்.

இனி ஃபேக். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூலைட்டிலும் டேபிள் உருவாக்குவதும் மாற்றுவதும் டிரான்ஸாக்ஷனுக்குள் நடக்கும். ஒரு மைக்ரேஷன் நடுவில் விழுந்தால் அது செய்தது எல்லாம் பின்வாங்கிவிடும், மறுபடி ஓட்டலாம். மைஎஸ்க்யூஎல்லில் அப்படி இல்லை. ஐந்து வேலைகள் உள்ள மைக்ரேஷனில் மூன்றாவது விழுந்தால் முதல் இரண்டும் அப்படியே நிற்கும், பதிவேட்டிலோ ஒன்றும் ஏறியிருக்காது. திரும்ப ஓட்டினால் ‘டேபிள் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்’ என்று வரும். 8.0 பதிப்பில் ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியாக முழுமையாக நடக்கும்படி ஆக்கினார்கள். பல கட்டளைகளைச் சேர்த்துப் பின்வாங்கும் வசதி அதிலும் இல்லை. ஆகவே போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்க்யூஎல் பக்கம் போகிறவர்கள் எஸ்க்யூஎல்மைக்ரேட் கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். அந்த மைக்ரேஷன் என்னென்ன எஸ்க்யூஎல்லை ஓட்டும் என்று அது காட்டும். எது நடந்தது, எது பாக்கி என்று வரி வரியாக ஒப்பிட்டு, பாக்கியைக் கையால் முடித்து, டேபிள் மைக்ரேஷன் சொல்கிறபடியே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஒரே ஒரு மைக்ரேஷனுக்கு ஃபேக் கொடுங்கள். நான் சொன்ன நியாயமான இடம் இதுதான்.

அந்தப் பக்கமும் ஆட்கள் போகிறார்களா என்றால், போகிறார்கள். ஊபர் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்க்யூஎல்லுக்குப் போன கதையை அவர்களே 2016ல் விரிவாக எழுதினார்கள். எதிர்த் திசையில், கிட்லேப் 2019 ஜூலையில் வந்த 12.1 பதிப்போடு மைஎஸ்க்யூஎல் ஆதரவை நிறுத்தி, தன் பயனர்களைப் போஸ்ட்கிரெஸுக்கு வரச் சொன்னது. அதற்கு அவர்கள் காட்டிய கருவி பிஜிலோடர், திமித்ரி ஃபோன்டேன் எழுதியது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வரும் யாருக்கும் நானும் அதையே சொல்வேன்.

ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டேபிள்களை உருவாக்கும் வேலையைக் கருவியிடம் விடாதீர்கள். காலி டேட்டாபேஸில் ஜாங்கோவின் மைக்ரேட்டே டேபிள்களை உருவாக்கட்டும், கருவி டேட்டாவை மட்டும் கொண்டுவரட்டும். கருவி உருவாக்கும் டேபிள்களில் கன்ஸ்ட்ரெயின்ட் பெயர்களும் ஃபீல்டு வகைகளும் ஜாங்கோ எதிர்பார்ப்பதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். அந்தக் கொஞ்சம் இன்று கடிக்காது. ஓர் ஆண்டு கழித்து அந்த ஃபீல்டை மாற்றும் மைக்ரேஷன் வரும்போது கடிக்கும். பதிவேட்டு டேபிளைக் கொண்டுவராதீர்கள் என்பதும் இதில் அடக்கம். கன்டென்ட்டைப், பெர்மிஷன் டேபிள்களையும் மைக்ரேட்டே நிரப்பிவிடும், ஆனால் எண்கள் பழைய வரிசையில் இருக்காது. டம்ப்டேட்டா, லோட்டேட்டா வழியில் போகிறவர்கள் அவ்விரண்டையும் விலக்கிவிட்டு, ‘--நேச்சுரல்-ஃபாரின்’ சேர்த்துக்கொண்டால் இணைப்புகள் சரியாக வரும்.

லோட்டேட்டாவில் இன்னொரு பொறி சிக்னல். யூசர் பதிவானதும் ப்ரொஃபைல் ஒன்றைத் தானாக உருவாக்கும் சிக்னலைப் பலரும் எழுதியிருப்போம். லோட்டேட்டா யூசரை ஏற்றும்போது சிக்னல் ஒரு ப்ரொஃபைலை உருவாக்கும், பின்னாலேயே ஃபைலிலிருந்து உண்மையான ப்ரொஃபைல் வந்து மோதும். சிக்னலுக்குள் ‘ரா’ என்ற கொடியைப் பார்த்து, அது உண்மையாக இருந்தால் திரும்பிவிடும்படி எழுதிவிடுங்கள்.

டேட்டா ஏறத் தொடங்கியதும் பழைய பாக்கிகள் வரிசையாக வரும். எஸ்க்யூலைட்டில் 50 எழுத்து என்று வைத்த ஃபீல்டில் 500 எழுத்து போட்டாலும் வாங்கிக்கொள்ளும், அந்த அளவை அது பார்ப்பதே இல்லை. போஸ்ட்கிரெஸ் பார்க்கும். மைஎஸ்க்யூஎல்லில் பழைய காலத்து மைஐசாம் டேபிள்கள் இருந்தால், அவை ஃபாரின் கீயை மதித்ததே இல்லை. 2010ல் வந்த 5.5 பதிப்பில்தான் இன்னோடிபி இயல்பானது. அதற்கு முன் பிறந்த டேட்டாபேஸ்களில், உதாரணத்துக்கு ஒரு நூலகப் பட்டியல் என்றால், அழிக்கப்பட்ட ஆசிரியரைக் காட்டிக்கொண்டு நிற்கும் புத்தகங்கள் நிச்சயம் இருக்கும். ஆண்டு, மாதம், நாள் மூன்றும் பூஜ்யமாக இருக்கும் தேதிகள் இருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. எழுத்துகளுக்கு நடுவில் பூஜ்ய பைட் இருந்தாலும் அது ஏற்காது. இவற்றைப் பழைய டேட்டாபேஸிலேயே கேள்வி போட்டுத் தேடித் திருத்துங்கள். ஏற்றும்போது வழியில் திருத்துவதை விட அதுவே நிதானமான வழி.

எல்லாம் ஏறிய பிறகு, முதல் ஆள் முதல் புத்தகத்தைச் சேர்க்கும்போது ‘டூப்ளிகேட் கீ’ என்று வரலாம். எண்களோடு சேர்த்து ரெக்கார்டுகளை நேரடியாக நுழைத்தால், அடுத்த எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸ் ஒன்றிலேயே நின்றுகொண்டிருக்கும். லோட்டேட்டாவும் பிஜிலோடரும் இதைத் தாமே சரிசெய்துவிடும். சிஎஸ்வி வழியாகவோ கையால் எழுதிய ஸ்கிரிப்ட் வழியாகவோ ஏற்றியவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை வரும். அதற்கு எஸ்க்யூஎல்சீக்வென்ஸ்ரீசெட் என்ற கட்டளை இருக்கிறது. அது எஸ்க்யூஎல்லை எழுதிக் காட்டும், ஓட்ட வேண்டியது நாம்.

பிழையே காட்டாமல் வரும் மாற்றங்கள்தான் இதைவிட ஆபத்து. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ஒப்பீட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸில் அவை வேறு வேறு. மின்னஞ்சலைப் பெரிய எழுத்தில் தொடங்கி அடிப்பவர் மறுநாளிலிருந்து உள்ளே நுழைய முடியாது. வரிசைப்படுத்தும்போது காலி மதிப்புகள் மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் முதலில் வரும், போஸ்ட்கிரெஸில் கடைசியில் வரும். டெஸ்ட் எழுதியிருந்தால் பிடிபடும்.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். நான் உதவிய ஒரு நூலகப் பட்டியலில் இனி சொல்லப்போகும் சிக்கல்கள் எல்லாமே ஒன்றாக வந்தன.

தமிழ் எழுத்து யூடிஎஃப்-8ல் மூன்று பைட். மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட் வரைதான் தாங்கும் என்பதால் தமிழ் அதில் தப்பித்துவிடும், இமோஜி சிக்கிக்கொள்ளும். ஆனால் 2019ல் யூனிகோட் 12ல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகள் நான்கு பைட். கல்வெட்டு, பழைய கணக்கு நூல்கள் சார்ந்த டேட்டா வைத்திருப்பவர்கள் ‘யூடிஎஃப்8எம்பி4’ இல்லாமல் இருக்கவே கூடாது. அதற்கு மாறும்போது பழைய மைஎஸ்க்யூஎல்லில் ‘கீ டூ லாங், 767 பைட்ஸ்’ என்ற பிழை வரும். 255 எழுத்து மூன்று பைட்டாக இருந்தால் 765, வரம்புக்குள் நிற்கும். நான்கு பைட்டானால் 1020, தாண்டிவிடும். லாரவெல் ஆட்கள் எங்கும் 191 என்று போடுவது இதனால்தான். 191ஐ நான்கால் பெருக்கினால் 764.

இதைவிட மோசமானது, டேபிள் லத்தீன்1 என்று சொல்லிக்கொண்டு உள்ளே யூடிஎஃப்-8 பைட்களை வைத்திருப்பது. பழைய பிஎச்பி செயலிகளில் இது சர்வ சாதாரணம். இணைப்பும் லத்தீன்1, டேபிளும் லத்தீன்1 என்பதால் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருக்கும். வேறு டேட்டாபேஸுக்கு எடுத்ததும் ஒவ்வொரு எழுத்தும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் இருக்கும் ஒரு ரெக்கார்டைப் பிடித்து, எழுத்து நீளத்தைக் கேர்_லெங்த் மூலம் கேளுங்கள். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 வர வேண்டும். 15 வந்தால் டேபிள் பைட்களை எழுத்துகளாக எண்ணிக்கொண்டிருக்கிறது. ஃபீல்டை முதலில் வெறும் பைட் வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றினால் பைட்கள் கலையாமல் உண்மையான தமிழாகிவிடும். நேரடியாக மாற்றினால் சிதைவு நிரந்தரமாகிவிடும். இதை டேட்டா கிளம்பும் முன்பே, ஒரு நகலில் செய்து பாருங்கள்.

அகரவரிசையும் கவனிக்க வேண்டியது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ‘சி’ ஒப்பீட்டு முறையில் உருவாக்கினால் யூனிகோட் எண்களின் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் ற முன்னால், ல பின்னால். ‘மறை’ முதலிலும் ‘மலர்’ பிறகும் வரும். தமிழ் படித்த யாருக்கும் அது தவறு. நூலகத்தில் தலைப்பு வரிசைதானே உயிர்? போஸ்ட்கிரெஸ் 10லிருந்து ஐசியூ ஒப்பீட்டு முறைகள் உண்டு, தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. ஜாங்கோ 3.2லிருந்து மாடல் ஃபீல்டிலேயே டிபி_கொலேஷன் என்று அதைக் குறிப்பிடலாம். ‘ொ’ போன்ற உயிர்க்குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, போஸ்ட்கிரெஸுக்கு அவை வேறு சொற்கள். தேடினால் கிடைக்காது. ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13லிருந்து அதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது.

சரிபார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ரெக்கார்டுகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். எழுத்து ஃபீல்டுகளின் மொத்த நீளத்தையும் கூட்டி இரு பக்கமும் ஒப்பிடுங்கள். தமிழ் சிதைந்திருந்தால் எண்ணிக்கையில் தெரியாது, நீளத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். நார்மலைஸ் செய்தாலும் நீளம் மாறும் என்பதால் அதற்கு முன்பே ஒப்பிட்டுவிடுங்கள்.

இப்போது டேட்டாபேஸ் மாற்றும் எண்ணமே உங்களுக்கு இல்லாவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டை எடுத்து, ஒரு காலி போஸ்ட்கிரெஸைக் காட்டி, மைக்ரேட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விழுந்தால் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தை இந்த வாரமே சரிசெய்யுங்கள். சர்வர் கைவிட்டு அவசரமாக மாற வேண்டிய நாளில் உங்களுக்கு அதற்கு நேரம் இருக்காது. மாற்றி முடித்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எல்லாம் சரியாக ஓடுகிறதே என்று பழைய டேட்டாபேஸின் நகலை உடனே அழித்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் அறிக்கைகளும் ஒரு சுற்று வந்து போகட்டும்.